வலிக்காத இடம்

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நாம் தவறாமல் மேற்கொள்ளும் பயணம் ஒன்று உண்டு. விடியற்காலைத் திருப்பலியை நிறைவேற்றிவிட்டு, காப்பிகூட அருந்தாமல், வெறும் வயிற்றோடு நகரப் பேருந்தைப் பிடித்துத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்வோம். அங்குள்ள மருத்துவமனை ஒன்றில் நம் இரத்தத்தைச் சோதித்து, சர்க்கரையின் அளவைப் பார்த்து, அடுத்த மூன்று மாதங்களுக்கான மாத்திரைகளை எழுதிக் கொடுப்பார்கள். பத்து ஆண்டுகளாக இது நடந்து வருகிறது. நம் பங்கு மக்கள் இதனைச் 'சாமியார் சர்க்கரைக்குப் போகிற நாள்' என்று சொல்வது வழக்கம். பங்கீட்டு அட்டையோடு நியாயவிலைக் கடைக்குச் செல்வது போன்று காதில் விழும் இச்சொல்லைக் கேட்டு நாமும் சிரித்ததுண்டு.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் அத்தகைய நாள் ஒன்று வந்தது. செப்டம்பர் 8ஆம் நாள் நம் பங்கின் பெருவிழா. ஆகவே மருத்துவமனை வேலை முடிந்ததும் நகரில் முடிக்கவேண்டிய காரியங்கள் பல இருந்தன. நாட்காட்டியில் கிழித்த தாளொன்றின் பின்புறத்தில் அவற்றை வரிசையாக எழுதி வைத்திருந்தோம். அச்சகத்தில் பெருவிழா அழைப்பிதழின் பிழை திருத்தம், அஞ்சலகத்தில் ஒரு கடிதம், கோவில் மணிக்குப் புதுக்கயிறு, பீடத்திற்கு மெழுகுதிரி. சுமப்பதற்குப் பொருள்கள் இருந்ததால் உபதேசியாரையும் உடன் அழைத்துச் சென்றோம்.

நம் உபதேசியாரைப் பற்றி ஓரிரு சொற்கள் கூறவேண்டும். அறுபத்திரண்டு வயதினர், நம்மைவிட ஐந்து வயது மூத்தவர். நமக்கு முன் நான்கு பங்குக் குருக்களைக் கண்டவர். காலை ஐந்து மணிக்குக் கோவில் கதவைத் திறப்பதும், மூன்று வேளையும் மணி அடிப்பதும், பிள்ளைகளுக்கு மந்திரங்கள் சொல்லிக் கொடுப்பதும், இறந்தோர் வீட்டிற்கு நமக்கு முன்னே சென்று செபமாலை தொடங்குவதும் அவரே. எவ்வளவு தூரமானாலும் நடந்தே செல்வார். நடையில் நம்மை முந்திவிடுவார். முந்திவிட்டதை உணர்ந்ததும் நின்று, நாம் சென்று சேர்ந்த பின்னர் அரையடி பின்தங்கி நடப்பார். 'களைப்பாக இருக்கிறது' என்றோ, 'வலிக்கிறது' என்றோ அவர் சொல்லி நாம் கேட்டதில்லை.

மருத்துவமனையில் எல்லாம் வழக்கம்போல் நடந்தது. வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தம் எடுத்தார்கள். பின்னர்ச் சிற்றுண்டிச் சாலையில் நான்கு இட்டிலிகளை உண்டு, மாத்திரையை விழுங்கி, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுமுறையும் இரத்தம் கொடுத்தோம். உபதேசியாரையும் உண்ண அழைத்தோம். "பசியில்லை, சாமி" என்று ஒரு தேநீர் மட்டும் வாங்கிக் கொண்டார். நாம் உள்ளே சென்று வந்த இடைவேளையில் தண்ணீர்ப் புட்டியை மூன்றுமுறை நிரப்பிக் குடித்திருந்தார். ஆகஸ்டு மாதத்து வெயில் என்று நாம் எண்ணிக் கொண்டோம்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை ஒன்றுண்டு. அதன் முறை எளிது. நம் இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள்கள் உயிர்வாழ்கின்றன. இரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை அவ்வணுக்களிலுள்ள சிவப்புப் பொருளோடு சிறிது சிறிதாக ஒட்டிக் கொள்கிறது. ஒட்டியது எளிதில் பிரிவதில்லை. எனவே சோதனைக்கு முந்திய நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல பிள்ளையாக வருவோரையும் இச்சோதனை காட்டிக் கொடுத்துவிடும். மூன்று மாதங்களுக்கு முன் நடந்த திருமண விருந்துகளும் அதில் எழுதப்பட்டிருக்கும். ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வருவோர் சிலர் நேற்றைய குற்றத்தை மட்டும் சொல்லிவிட்டு எழ முயல்வதுண்டு. அந்நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக் கொள்வோம். அன்று நமக்கு 7.4 என்று வந்தது. ஏழுக்குள் இருப்பது நலம். இரத்த அழுத்தம் 136க்கு 84. "பரவாயில்லை, பாதர், ஆனால் மகிழ்ச்சியடைய வேண்டாம்" என்றார் மருத்துவர். அவர் இளம்பெண், நம்மிடம் மறைக்கல்வி பயின்ற பிள்ளைகளின் வயதுதான் இருக்கும்.

அவர் அன்று புதிதாக ஒன்று செய்தார். நம்மைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, காலுறைகளைக் கழற்றச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்று பொருத்திய சிறு கைப்பிடியை எடுத்துக் காட்டினார். தோலில் ஊன்றினால் அவ்விழை வளையும். வளையும்போது அது தரும் அழுத்தம் 10 கிராம் மட்டுமே. முதலில் நம் கையில் தொட்டுக் காண்பித்தார். பின்னர், "கண்களை மூடிக் கொள்ளுங்கள். காலில் தொடும்போதெல்லாம் 'ஆம்' என்று சொல்லுங்கள்" என்றார்.

நாம் கண்களை மூடினோம். ஆம், ஆம், ஆம் என்று சொல்லி வந்தோம். சிறிது நேரம் அமைதி நிலவியது. அவர் வேறு ஏதோ எழுதுகிறார் போலும் என்றெண்ணிக் காத்திருந்தோம். "பாதர், கண்ணைத் திறந்து பாருங்கள்" என்றார். இழையின் நுனி நம் இடது பாதத்தின் பெருவிரலடியில் வளைந்து நின்றுகொண்டிருந்தது. நமக்கு ஒன்றும் தெரியவில்லை. நம் கண்ணெதிரே நம் உடலைத் தொடுகிறார்கள். தொடுகிறார்கள் என்பதைக் கண் சொல்கிறது, கால் சொல்லவில்லை. அந்நேரத்தில் நாம் அடைந்த அச்சத்தைச் சொல்லால் விளக்குவது அரிது.

மருத்துவர் பொறுமையோடு விளக்கினார். முதுகிலிருந்து புறப்பட்டுக் கால்விரல் நுனி வரை செல்லும் நரம்புகளே உடலில் மிக நீளமானவை. சர்க்கரை நெடுங்காலம் மிகுந்து நின்றால் அந்நீண்ட நரம்புகளின் முனைகளே முதலில் கெடுகின்றன. சிலருக்கு எரிச்சலும் குத்தலும் இருக்கும். சிலருக்கு ஒன்றுமே இராது. "ஒன்றுமே இல்லாதவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வலி இருந்தால் அவர்களே ஓடி வருவார்கள். வலி இல்லாதவர்கள் கல்லின்மேல் நடப்பார்கள், முள்ளின்மேல் நடப்பார்கள், புண் ஆழமாகி நாற்றமெடுத்த பின் வருவார்கள்" என்றார்.

பின்னர் அறிவுரைகளை அடுக்கினார். வீட்டிற்குள்ளும் வெறுங்காலோடு நடக்கலாகாது. வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்கவேண்டும். செருப்பை மாட்டுமுன் கவிழ்த்துத் தட்டவேண்டும். உள்ளே கையைவிட்டுத் தடவவேண்டும். ஒவ்வோர் இரவும் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். குனிய இயலாதோர் ஒரு முகக்கண்ணாடியைத் தரையில் வைத்து அதில் பார்க்கலாம். விரலிடுக்கில் வார் நுழையும் செருப்பை விட்டுவிட்டு, மிருதுவான எம்.சி.ஆர். அடித்தளமும் குதிகாலைப் பிடிக்கும் வாரும் உள்ள காலணியை வாங்கிக் கொள்ளவேண்டும். நாட்காட்டித் தாளில் நாம் எழுதியிருந்த காரியங்களோடு ஐந்தாவதாகச் 'செருப்பு' என்பதையும் சேர்த்துக் கொண்டு வெளியே வந்தோம்.

உபதேசியார் கதவருகே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "எல்லாம் நல்லதுதானே, சாமி?" என்றார். "இடது காலில் கொஞ்சம் உணர்ச்சி குறைந்திருக்கிறதாம்" என்றோம். அவர் மிகவும் வருந்தினார். நம் கையிலிருந்த பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக் கொண்டார். அதன்பின் சாலையில் கல் கிடந்த இடமெல்லாம் "பார்த்து வாருங்கள், சாமி" என்று எச்சரித்துக் கொண்டே வந்தார்.

மணி பன்னிரண்டைக் கடந்திருந்தது. சத்திரம் பேருந்து நிலையத்தருகே உணவுவிடுதி ஒன்றில் பகலுணவு கொண்டு, நம் காரியங்களைத் தொடங்கினோம். திருச்சிராப்பள்ளியின் இப்பகுதியை அறிந்தோர்க்கு நாம் நடந்த வழி விளங்கும். ஒருபுறம் லூர்து அன்னை ஆலயமும், 1844ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் தோன்றி 1883ஆம் ஆண்டு இங்கு இடம்பெயர்ந்த புனித வளனார் கல்லூரியும் நிற்கின்றன. அவற்றின் எதிரே பழைய கோட்டைச் சுவரின் எச்சமாகிய மெயின்கார்டு கேட். அதனுள் நுழைந்தால் தெப்பக்குளம். அதற்கு மேலே மலைக்கோட்டை. குளத்தைச் சுற்றியும் அப்பாலும் கடைவீதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஊசியிலிருந்து தேர்வடம் வரை அங்கே கிடைக்காத பொருளில்லை.

அச்சகத்தில் அழைப்பிதழின் முதற்படியைக் கையில் கொடுத்தார்கள். நாம் இருமுறை படித்துவிட்டுச் 'சரி' என்று கையொப்பமிடப் போனோம். நம் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த உபதேசியார், "சாமி, மூன்றாம் நாள் 'மறையுரை' என்பது 'மறைவுரை' ஆகியிருக்கிறது" என்றார். உண்மைதான். அன்று மறையுரை ஆற்றவிருந்த நண்பர் இதைப் பார்த்திருந்தால் நம்மை எளிதில் மன்னித்திருக்கமாட்டார். அச்சகத்தாரும் நாமும் வாய்விட்டுச் சிரித்தோம். அடுத்துத் தெப்பக்குளம் அஞ்சலகம். வெளிமாநிலத்தில் வேலை செய்யும் நம் பங்கு இளைஞன் ஒருவனின் திருமணத்திற்காக அவனுடைய திருமுழுக்குச் சான்றிதழை விரைவு அஞ்சலில் அனுப்பினோம். வரிசையில் நின்றவரும் உபதேசியாரே. நாம் பலகையில் அமர்ந்திருந்தோம். காலையில் கேட்ட செய்தி நம் மனத்தை அரித்துக் கொண்டிருந்தது. அமர்ந்தபடியே இடது பெருவிரலைக் காலணிக்குள் அசைத்து அசைத்துப் பார்த்துக் கொண்டிருந்தோம்.

மெழுகுதிரிகளை வாங்கிக் கொண்டு, பெரிய கடைவீதியில் கயிற்றுக் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் பளபளக்கும் நைலான் கயிற்றை எடுத்துப் போட்டார். "பத்தாண்டுக்குக் கவலையில்லை" என்றார். விலையும் குறைவு. நாம் சரியென்று சொல்லுமுன் உபதேசியார் மெல்ல, "சாமி, நைலான் கையை அறுக்கும். கொடியேற்றத்தன்று சின்னப் பையன்களெல்லாம் மணி அடிக்க ஆசைப்படுவார்கள். பருத்திக் கயிறு வாங்குவோம்" என்றார். அப்படியே ஆயிற்று. இரு கைகளையும் விரித்து, மார்போடு அணைத்து, மார் கணக்கில் எட்டு மார் அளந்து வாங்கினார். அதனை வட்டமாகச் சுருட்டி மற்றொரு தோளில் மாட்டிக் கொண்டார். பிறர் கையில் கயிறு உரசும் வலியை இவ்வளவு நுட்பமாக அறிந்த மனிதரைக் கண்டு நாம் மனத்துக்குள் பாராட்டினோம். பாராட்டியதோடு நிறுத்தியும் கொண்டோம்.

இறுதியாகச் சின்னக்கடை வீதியில் ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் பெரியவர். நம் அங்கியைப் பார்த்ததும், "வாங்க பாதர்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நம் தேவையைச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. நாள்தோறும் அத்தகையோர் நாலைந்து பேராவது வருகிறார்களாம். அவர் சொன்னதில் வியப்பில்லை. 2023ஆம் ஆண்டில் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவுடையோர் என்று கணக்கிட்டிருக்கிறது. நமக்குப் பொருத்தமான இணை ஒன்று கிடைத்தது. அதன் விலையைக் கொடுக்கும்போது உபதேசியாரின் செருப்பு கண்ணில் பட்டது. தேய்ந்து, அடி மாற்றி, வார் தைத்து, மீண்டும் அடி மாற்றிய செருப்பு அது. காலையிலிருந்து நமக்காக நடந்தாரே என்ற எண்ணத்தில், "உபதேசியாரே, நீரும் ஒன்று எடுத்துக் கொள்ளும்" என்றோம்.

"எனக்கெதற்கு, சாமி? இது இருக்கிறதே. போன மாதந்தான் புது அடி வைத்து ஆணி அடித்தேன்" என்று மறுத்தார். நாம் வற்புறுத்தினோம். அவர் கூச்சத்தோடு பலகையில் அமர்ந்து வலது செருப்பைக் கழற்ற முயன்றார். அது உடனே கழலவில்லை. பாதத்தோடு ஒட்டிக் கொண்டிருந்தது. அவர் சற்று வலுவாக இழுத்தார்.

செருப்பின் உட்புறம் கறுத்துக் கிடந்தது. அதன் நடுவே சிறிய ஆணி ஒன்று நெல்மணியளவு தலைநீட்டி நின்றது. கடைக்காரர் குனிந்து அவர் காலைத் தூக்கிப் பார்த்தார். விரல்களுக்குச் சற்றுக் கீழே, உடலின் எடையெல்லாம் தாங்கும் இடத்தில், ஐந்து ரூபாய் நாணய அளவில் புண். சுற்றிலும் தோல் வெளுத்துத் தடித்திருந்தது. நாற்றமும் தொடங்கியிருந்தது. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் நம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"இதென்ன, உபதேசியாரே? எத்தனை நாளாக இருக்கிறது?" என்றோம். அவரோ நம்மைவிட அதிகமாகத் திகைத்துப் போயிருந்தார். தம் காலைத் தாமே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியவில்லையே, சாமி. வலிக்கவே இல்லையே" என்றார்.

காலை பத்து மணிக்கு மருத்துவர் சொன்ன சொல் அது. அதனைக் கேட்டுவிட்டு நாம் நாள் முழுவதும் நம் பெருவிரலையே எண்ணிக் கொண்டிருந்தோம். நமக்கு அரையடி பின்னால், இரு தோள்களிலும் சுமையோடு, ஓர் ஆணியின்மேல் நடந்து கொண்டிருந்தவரை நாம் பார்க்கவில்லை.

உடனே ஆட்டோ ஒன்றை அழைத்தோம். கடைக்காரர் துணியொன்றைச் சுத்தமான நீரில் நனைத்துக் காலைச் சுற்றிக் கட்டிவிட்டார். "காலைத் தரையில் ஊன்றாமல் பார்த்துக் கொள்ளுங்கள்" என்றார். வண்டிக்குள் காலை உயர்த்தி வைக்க ஒன்றுமில்லை. கயிற்றுச் சுருளைக் கீழே போட்டு அதன்மேல் காலை வைக்கச் சொன்னோம். "கோவில் கயிறு, சாமி" என்று தயங்கினார். "வையும்" என்றோம். நம் குரல் சற்றுக் கடுமையாகவே ஒலித்திருக்க வேண்டும்.

வழியில் கேட்டு அறிந்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் மருத்துவ முகாம் ஒன்றில் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்களாம். சில மாதங்கள் மாத்திரை உட்கொண்டாராம். உடம்பில் எவ்விதத் துன்பமும் இல்லாததால் விட்டுவிட்டாராம். தமிழக அரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுப்போர் நம் ஊருக்கும் வருகிறார்கள். "உமது வீட்டிற்கு வரவில்லையா?" என்றோம். "வருவார்கள், சாமி. நான்தான் வீட்டில் இருப்பதில்லை" என்றார்.

வீட்டில் இராமல் எங்கே இருந்தார் என்று நாம் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. முந்திய ஆண்டு ஒருநாள், "வியாழக்கிழமை காலையில் கொஞ்சம் வீட்டில் இருக்கவேண்டும், சாமி" என்று அவர் கேட்டிருந்தார். அன்று ஓர் அடக்கச் சடங்கு வந்துவிட்டது. "பிறகு பார்த்துக் கொள்ளலாம், உபதேசியாரே" என்று சொல்லியிருந்தோம். அவரும் "சரி, சாமி" என்றார். அதன்பின் அவர் கேட்கவுமில்லை, நாம் நினைக்கவுமில்லை.

மருத்துவமனையில் காலையில் கண்ட அதே மருத்துவர் இருந்தார். அவர் உபதேசியாரின் விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்த்தார்: 342. நைலான் இழையால் இரு பாதங்களிலும் பத்துப் பத்து இடங்களில் தொட்டார். உபதேசியார் கண்களை மூடிக்கொண்டு, பிள்ளைகள் மந்திரம் ஒப்புவிப்பதுபோல் கவனத்தோடு காத்திருந்தார். இரு முறைதான் 'ஆம்' என்றார். எலும்புவரை சென்றிருக்கிறதா என்று படமெடுத்தார்கள். செல்லவில்லை. கெட்ட சதையை வெட்டி நீக்கும்போதும் அவர் முகம் சுளிக்கவில்லை. அதைப் பார்த்து நின்ற நமக்குத்தான் நிற்க முடியவில்லை.

எல்லாம் முடிந்தபின் மருத்துவர் கைகளைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "காலையில் இவர் வெளியேதானே நின்றிருந்தார், பாதர்?"

"ஆம்" என்றோம். அன்று நாம் சொன்ன 'ஆம்'களில் அதுவே கடினமானது.

மாலையில் உபதேசியாரின் மனைவி சூடான கஞ்சியோடு வந்து சேர்ந்தார். அழவுமில்லை, யாரையும் குறை கூறவுமில்லை. "மாத்திரை கொண்டுவருகிற பிள்ளை நாலைந்து தடவை வந்து வந்து திரும்பிப் போயிற்று, சாமி. நான் சொன்னால் கேட்கமாட்டார். 'கோவில் வேலையைப் போட்டுவிட்டு மாத்திரைக்கு உட்கார்ந்திருப்பதா?' என்பார்" என்றார். அந்த அம்மையார் நம்மைக் குத்திக் காட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. கணவரின் பக்தியைப் பெருமையாகவே சொன்னார். அதனாலேயே அது ஆழமாகப் பதிந்தது.

அன்றிரவு கடைசிப் பேருந்தில் தனியே ஊர் திரும்பினோம். மடியில் மெழுகுதிரிப் பொட்டலம், காலடியில் கயிறு. வழிநெடுக ஒரு காட்சி நினைவில் வந்து கொண்டிருந்தது. ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று பன்னிருவரின் பாதங்களை நாம் கழுவுகிறோம். ஆறு ஆண்டுகள் இப்பங்கில் கழுவியிருக்கிறோம். நமக்கு அருகே செம்பும் துவாலையும் ஏந்தி, ஒவ்வொருவரிடமும் நம்மோடு சேர்ந்து குனிந்து நிமிர்ந்தவர் உபதேசியார். அந்தப் பாதங்களில் ஒன்றுகூட அவருடையது அன்று. அவரைப் பன்னிருவருள் ஒருவராக அமரச் சொல்லவேண்டுமென்று நமக்குத் தோன்றியதே இல்லை. அவர் அமர்ந்துவிட்டால் தண்ணீர் ஊற்றுவது யார்?

ஆறு நாள்களுக்குப் பின் அவரை வீட்டிற்கு அனுப்பினார்கள். காலை ஊன்றலாகாது என்று கட்டளையிட்டே அனுப்பினார்கள். புண் முற்றிலும் ஆற ஒன்பது வாரங்கள் சென்றன. விரல் எதையும் இழக்கவில்லை. "இன்னும் பத்து நாள் கழித்து வந்திருந்தால் நான் இப்படிச் சொல்லியிருக்க முடியாது" என்றார் மருத்துவர். அவ்வொன்பது வாரங்களும் மணியடித்தது நாமே. புதுக்கயிறு உள்ளங்கைக்கு மிருதுவாகத்தான் இருந்தது. ஆயினும் எட்டு நாளில் தோள் வலித்தது. காலை மணி இருமுறை பத்து நிமிடம் தாமதமாயிற்று. நம் ஊரில் பலர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. மணியைக் கேட்டே மாட்டை அவிழ்ப்பார்கள். "சாமி மணி பிந்துகிறது" என்று பேசிக் கொண்டார்களாம். முப்பத்தைந்து ஆண்டுகளாக மணி பிந்தாததைப் பற்றி எவரும் பேசிக் கொண்டதில்லை. பெருவிழாவன்று உபதேசியார் கோவில் வாசலில் நாற்காலியில் அமர்ந்து, காலை மணைப்பலகைமேல் நீட்டியபடி, எந்தப் பையன் எப்போது மணியடிக்க வேண்டுமென்று கைச்சாடையால் ஆணையிட்டுக் கொண்டிருந்தார்.

இப்போது வியாழக்கிழமை காலை அவருக்கு விடுமுறை. அடக்கம் இருந்தாலும் விடுமுறைதான். பங்குப் பேரவை அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறது. மாத்திரை தரும் பெண் வரும்போது அவர் வீட்டில் இருக்கிறார். நாம் சர்க்கரைக்குப் போகும் நாளில் அவரும் வருகிறார்; சுமை தூக்க அன்று, சீட்டு வாங்க. இவ்வாண்டுப் பெரிய வியாழனன்று பன்னிருவருள் கடைசியாக அமர்ந்தார். "தண்ணீர் யார் ஊற்றுவது, சாமி?" என்று கடைசிவரை கவலைப்பட்டார். மறைக்கல்விப் பையன் ஒருவன் ஊற்றினான். பாதி நீரை நம் அங்கியில் ஊற்றினான். வலது பாதத்தைக் கையிலெடுத்தபோது அந்த வடுவைக் கண்டோம். மற்றப் பாதங்களைவிடச் சற்று நேரம் அதிகமாகவே கையில் வைத்திருந்தோம்.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டில் சர்க்கரை நோயுற்றோர் இருப்பின், அவர்களிடம் 'வலிக்கிறதா?' என்று கேட்டு நின்றுவிடாதீர்கள். அவர்கள் 'இல்லை' என்றே சொல்வார்கள், உண்மையைத்தான் சொல்வார்கள். இரவில் விளக்கடியில் அமரச் செய்து உள்ளங்காலைப் பாருங்கள். விரலிடுக்கைப் பாருங்கள். செருப்பைக் கவிழ்த்துத் தட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த நைலான் இழைச் சோதனையைச் செய்யும்படி மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் வருவோரின் கால்களையும் ஒருமுறை பாருங்கள். முகம் சுளிக்காமல் நடக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். நாம் அப்படித்தான் முடிவு செய்திருந்தோம்.

பங்கு இல்லத்துத் திண்ணையில் இப்போது ஒரு முகக்கண்ணாடி ஆணியில் தொங்குகிறது. இரவுச் செபம் முடிந்து கோவிலைப் பூட்டியதும், சாவியோடு உபதேசியார் வருவார். கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைப்போம். முதலில் அவர் நம் பாதங்களைப் பார்ப்பார். பின்னர் நாம் அவர் பாதங்களைப் பார்ப்போம். கண் மங்கிய கிழவர் இருவர் ஒருவர் காலை ஒருவர் உற்றுப் பார்ப்பதைக் கண்டு, தெருவில் செல்லும் சிறுவர்கள் சிரிப்பதுண்டு. "ஒன்றுமில்லை, சாமி" என்பார் அவர். "ஒன்றுமில்லை, உபதேசியாரே" என்போம். அதன்பின் அவர் வீட்டிற்குச் செல்வார். இருளில் அவர் செருப்பின் ஓசை தெருமுனை திரும்பும்வரை நாம் திண்ணையில் நின்று கேட்டுக் கொண்டிருப்போம்.